டவர் இல்லாத வேப்பமரத்தடியில்

டவர் கிடைக்காத ஊருக்குப் போனால், 'இனி இது வெறும் டப்பா' என்று செல்போனைப் பைக்குள் போட்டுவிடுகிறோம். அப்போதும் அதற்குள் கேமரா, மைக், கடிகாரம் எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஜி.பி.எஸ்.ஸும் அப்படியே. அதற்கு இன்டர்நெட் வேண்டாம் என்பது பலருக்குத் தெரியாது.

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், 'நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்; பதில் பேசுவதில்லை. அந்தச் சேதி கீழே வந்துசேர ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு ஆகும். நான்கு கோள்களின் சேதி கிடைத்துவிட்டால், தாமதத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிசகில் போன் சொல்லிவிடும். இன்டர்நெட் இருந்தால் எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கோளிடமிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அடர்ந்த மரத்தடியில் இன்னும் தடுமாறும். எனவே வெட்டவெளியில் சற்று நின்றுவிட்டு நிழலுக்குப் போங்கள்.

ஆசிரியராகப் படிக்கும் பி.எட். மாணவர்களுக்கு இது எதற்கு? 2015இல் அது இரண்டாண்டுப் படிப்பானது. அதில் பல வாரங்கள் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். ஒரே வகுப்பில் இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊர். கரும்பலகைப் பாடத்தையாவது பேராசிரியர் வீடியோவில் பார்த்துவிடலாம். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் நடத்தும் பாடத்தை எங்கிருந்தோ உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்ப்பது?

இதற்கு ஏற்ற ஒன்று 2010 முதல் இந்தியாவில் நடந்துவரும் 'சீசன்வாட்ச்' என்ற மரம் கவனிக்கும் திட்டம். கேரளப் பள்ளிகள் இதில் வெகு மும்முரம். ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்து, இலை, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று குறிக்க வேண்டும். கேட்க எவ்வளவு எளிது! பங்குனியில் ஒரு வேம்பின் கீழ் நின்று பாருங்கள். தூரத்திலிருந்து மரமே வெள்ளையாகத் தெரியும். தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் மொட்டு. இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் வெறும் தளிர். "டீச்சர், இது கொஞ்சமா நிறையவா?" என்று பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

நாளும் நேரமும் ஜி.பி.எஸ். சொல்லும் இடமும் பதிந்த படத்தோடு இந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்தால், வெகுதொலைவில் இருக்கும் பேராசிரியருக்கும் கேட்கக் கேள்வி கிடைக்கும்: "போன வாரம் 'நிறைய' தளிர், இந்த வாரம் ஒன்றுமே 'இல்லை'யா? மரத்தை மாற்றிவிட்டாயாம்மா?" டவர் இல்லாத இடத்தில் நோட்டில் எழுதிவைத்து, பஸ் ஏறியபின் அனுப்பினால் போதும்.

படத்தைக் காட்டினால் செடியின் பெயரையும், குரலைக் கேட்டால் பறவையின் பெயரையும் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. குரலைப் படமாக மாற்றி, அந்தப் படத்தைப் பார்த்தே பறவையை அடையாளம் காணும் 'மெர்லின்' இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்கிறது. கெட்டிக்கார வேலைதான். ஆனால் வகுப்பில் அதைக் கடைசியில் எடுங்கள் என்பேன். பெயர் தெரிந்த மறுநிமிடம் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அலகு எப்படி, வால் எவ்வளவு நீளம் என்று முதலில் அவர்கள் வாயால் வரட்டும்.

பயிற்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் இடமும் நேரமும் அழிந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படத்தில் மரம் மட்டும் இருக்கட்டும், பிள்ளைகளின் முகம் வேண்டாம்.