வாரண்டும் எல்லையும்
காரைக்கால்வாசிகள் அறிய வேண்டுவன

‘வாரண்டு’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவரில் சிலர் நடுங்கிப் போகிறார்கள். வேறு சிலரோ, “அது பழைய விவகாரம்; இத்தனை நாளில் காலாவதியாகியிருக்கும்” என்று அசட்டையாக இருந்து விடுகிறார்கள். இவ்விரு சாராருமே விஷயத்தை விசாரித்து அறியாதவர்கள். ஒருவர் பெயரில் நீதிமன்றக் கட்டளை நிலுவையில் இருக்கிறதா என்பதை அவரே தெரிந்து கொள்வதற்கு இக்காலத்தில் நல்ல வழி இருக்கிறது. காரைக்காலைப் போன்ற சிறு பட்டணத்தில் அவ்வழி சற்று வளைந்து செல்வதால், அதனை நேயர்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

பள்ளி ஆசிரியர்களாகிய நம்மிடம் பெற்றோர்கள் இங்கிலீஷ் காகிதங்களைக் கொண்டு வந்து வாசித்துச் சொல்லும்படி கேட்பது வழக்கம். அவற்றில் கோர்ட்டுச் சம்மன்களும் உண்டு. சம்மன் வந்த நாள் கழிந்து வெகு காலமான பின்னரே அநேகர் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள். இக்கட்டுரைக்கு அதுவே காரணம்.

எல்லை காப்பாற்றிய காலம்

1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றனர். அது முதல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நம் பட்டணம் ஒரு சர்க்காருக்கும், அதைச் சூழ்ந்த ஊர்கள் வேறு சர்க்காருக்கும் உட்பட்டிருந்தன. பிரிட்டிஷ் மாஜிஸ்ட்ரேட்டின் கையெழுத்துக்குப் பிரெஞ்சு மண்ணில் தானாகச் செல்வாக்குக் கிடையாது. இதன் பயனை நம் தேசம் நன்கு அறியும். 1908-ல் ‘இந்தியா’ பத்திரிகையின் மீது அடக்குமுறை பாய்ந்தபோது பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். 1910-ல் அரவிந்தரும் வ. வெ. சு. ஐயரும் அங்கே வந்து சேர்ந்தனர். அரவிந்தர் மீது கல்கத்தாவில் பிறந்த வாரண்டு புதுச்சேரியின் எல்லையில் நின்று விட்டது. பாரதியாரோ, 1918 நவம்பரில் எல்லையைக் கடந்து வந்தவுடன் கடலூருக்கு அருகே கைது செய்யப்பட்டார். இன்று காரைக்காலில் அவர் பெயரால் ஒரு சாலையே இருக்கிறது.

அந்நிய ஆட்சிக்கு எதிராக அந்த எல்லை தேசபக்தர்களுக்கு அரணாயிற்று. ஆனால் “எல்லை தாண்டினால் போலீஸ் வராது” என்ற எண்ணம் அதன் எச்சமாகச் சிலர் மனத்தில் இன்னும் தங்கியிருக்கிறது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இணைப்பு முற்றுப் பெற்றது. காரைக்கால் இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். அதன் நீதிமன்றங்களுக்கு மேலே இருப்பது சென்னை உயர் நீதிமன்றம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதை என்னும் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவுப்படி, கைது வாரண்டை இந்தியாவின் எவ்விடத்திலும் நிறைவேற்றலாம். நாகப்பட்டினத்தில் பிறந்த வாரண்டு வாஞ்சூரைக் கடந்து காரைக்காலுக்கு வரும். காரைக்காலில் பிறந்தது பூவத்தைக் கடந்து தரங்கம்பாடிக்கும் போகும். வேற்று எல்லைக்குள் வரும் போலீஸ் அதிகாரி அவ்விடத்து நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டிடமோ காவல் நிலையப் பொறுப்பாளரிடமோ மேலெழுத்து வாங்குவது சாதாரண முறை. தாமதித்தால் ஆள் தப்பிவிடுவார் என்று கருதினால் அதுவும் தேவையில்லை.

வாரண்டுக்கு வயதில்லை

அச்சட்டத்தின் 72-ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. வாரண்டு எழுத்தில் இருக்க வேண்டும். நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் வேண்டும். பிறப்பித்த நீதிமன்றம் ரத்துச் செய்யும் வரையில், அல்லது நிறைவேறும் வரையில், அது உயிருடன் இருக்கும். பத்து வருஷம் கழிந்தால் அது தானே மடிந்து போகும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

பெரும்பாலும் இது பெரிய குற்றவாளிகளுக்கு மட்டும் நேருவதும் அன்று. செக்குத் திரும்பிய வழக்கு, ஜீவனாம்ச வழக்கு, சாலை விபத்து வழக்கு, தெருச் சண்டை இவற்றில் சம்மன் பழைய விலாசத்துக்குப் போகும். வீடு மாறியவர் அதைக் காண மாட்டார். வாய்தா தவறும். முதலில் ஜாமீனில் விடக் கூடிய வாரண்டும், பிறகு ஜாமீனில் விட முடியாத வாரண்டும் வரும். சாட்சி சொல்ல வராதவர் மீதும் வாரண்டு பிறப்பதுண்டு. எடுத்த எடுப்பில் கடுமையான வாரண்டைப் பிறப்பிக்காமல், சம்மனிலிருந்து படிப்படியாகவே செல்ல வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் அறிவுறுத்தியது. ஆயினும் சம்மனே கைக்கு வராதவருக்கு இந்தப் படிகள் ஒன்றும் கண்ணில் படுவதில்லை.

இதில் காரைக்கால் குடும்பங்களுக்கு விசேஷமான கவலை ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்திலும் வளைகுடா நாடுகளிலும் நம்மவர் அநேகர் பிழைக்கிறார்கள். 1967-ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, குற்ற வழக்கு நிலுவையில் இருந்தாலும், நீதிமன்ற வாரண்டு அமலில் இருந்தாலும் பாஸ்போர்ட்டை மறுப்பதற்கு இடம் தருகிறது. விடுமுறைக்கு வந்தவர் மறந்து போன ஒரு வாய்தாவினால் திரும்பிப் போக முடியாமல் தவிக்கக் கூடும்.

தேடும் முறை

வாரண்டுகளை மட்டும் தொகுத்து ஜனங்கள் பார்வைக்கு வைத்திருக்கும் பட்டியலைத் தேடிச் செல்பவர் ஏமாற்றம் அடைவார். அமெரிக்காவில் சில ஊர்களில் அத்தகைய பட்டியலை ஷெரீப் அலுவலகம் வெளியிடுகிறது. நம் நாட்டில் வாரண்டு வழக்குக் கட்டின் உள்ளே இருக்கிறது. ஆகையால் வாரண்டைத் தேடாமல் வழக்கைத் தேடுதல் வேண்டும்.

நீதிமன்றங்களின் ‘ஈ-கோர்ட்ஸ்’ இணையதளத்திலும் செல்போன் செயலியிலும் வழக்கின் நிலையைக் கட்டணமின்றிக் காணலாம். ராஜ்யம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் இவற்றைத் தெரிந்தெடுத்துக் கொண்டு, கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், வக்கீல் பெயர் ஆகிய ஏதேனும் ஒன்றினால் தேடலாம். பெயரில் குறைந்தது மூன்று எழுத்துக்களும் வருஷமும் வேண்டும். நிலுவை வழக்கு, முடிந்த வழக்கு என்ற இரண்டையும் பார்ப்பது நலம். வழக்கு அகப்பட்டால் அதன் பதினாறு இலக்க ‘ஸி. என். ஆர்.’ எண்ணைக் குறித்துக் கொள்க. முதல் இரண்டு எழுத்துக்கள் ராஜ்யத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், பின் இரண்டு இலக்கங்கள் நீதிமன்றத்தையும், ஆறு இலக்கங்கள் வழக்கையும், கடைசி நான்கும் வருஷத்தையும் குறிக்கும். அந்த எண் கையிலிருந்தால் மறுமுறை பெயரைக் கொண்டு தேட வேண்டியதில்லை.

வழக்கின் சரித்திரத்தைத் திறந்தால் ஒவ்வொரு வாய்தாவும், அன்று நடந்ததும், அடுத்த வாய்தாவின் நோக்கமும் வரிசையாக இருக்கும். அந்த நோக்கத்தில் ‘என். பி. டபிள்யூ.’ என்று கண்டால் அது ஜாமீனில் விட முடியாத வாரண்டு, ‘பி. டபிள்யூ.’ என்பது ஜாமீனுக்கு உரியது.

காரைக்கால்வாசி இத்துடன் நிற்கலாகாது. புதுச்சேரி என்ற தலைப்பின் கீழ்த் தேடி ஒன்றும் இல்லையென்று கண்டவர், தமிழ்நாடு என்ற தலைப்பின் கீழ் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் ஆகிய மாவட்டங்களிலும் தேட வேண்டும். நாகூருக்குச் சந்தனக்கூட்டுக்குப் போகிறோம். பேரளத்தில் உறவு வைத்திருக்கிறோம். மாயவரத்தில் வியாபாரம் செய்கிறோம். வழக்கும் அங்கேயே பிறந்திருக்கலாம்.

பெயரில் உள்ள சங்கடம்

இரண்டாவது இடையூறு எழுத்துக் கூட்டலைப் பற்றியது. பிரெஞ்சு வழக்கத்தை ஒட்டி நம் பழைய பதிவுகளில் உகரத்துக்கு ‘ஓ, யு’ என்ற இரண்டு எழுத்துக்களை இடுவார்கள். ‘சாமி’ என்பதற்கு இரட்டை ‘எஸ்’ எழுதுவார்கள். எல்லைக்கு அப்பால் உகரத்துக்கு ‘யு’ ஒன்றே போதும். சாமிக்கு ‘எஸ்’ ஒன்றோ, ‘எஸ். டபிள்யூ.’வோ இருக்கும். ஆகவே முத்துசாமி ஒருவரே காரைக்கால் ஏட்டில் ஒரு விதமாகவும் நாகை ஏட்டில் வேறு விதமாகவும் காணப்படுவார். 1881-ஆம் வருஷத்துப் பிரெஞ்சு ஆணைக்கு இணங்கக் குடும்பப் பெயர் ஏற்ற வம்சத்தார் அதையும் சேர்த்துத் தேட வேண்டும். தலையெழுத்தை முன்னே இட்டும், பின்னே இட்டும், விட்டும் பார்த்தல் அவசியம்.

இத்தனைக்குப் பின்னும் இணையதளத்தில் இல்லாததனால் வழக்கே இல்லையென்று முடிவு கட்டக் கூடாது. பழைய கட்டுகள் சில ஏறாமல் இருக்கலாம். பல பேரில் ஒருவர் தலைமறைவாயிருந்தால் அவர் பங்கைப் பிரித்து வேறு எண் கொடுப்பதும் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான சில குற்றங்களின் விவரம் வேண்டுமென்றே மறைக்கப்படும். சந்தேகம் இருப்பின் வக்கீல் மூலமாக நீதிமன்ற அலுவலகத்தில் கட்டைப் பார்வையிட மனுச் செய்யலாம். நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் பெறலாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் வெளியிட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் உத்தரவிட்டது. நுட்பமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனையும் பார்த்து வைப்பது உதவும்.

இருப்பதாகத் தெரிந்தால்

ஓடுதல் கூடாது. வாரண்டுக்கு அஞ்சி ஒளிந்தவர் மீது நீதிமன்றம் பிரகடனம் வெளியிட்டு, 30 நாளுக்குக் குறையாத தவணை கொடுத்து, பின்னர் சொத்தை ஜப்தி செய்யவும் அதிகாரம் உண்டு. வக்கீலுடன் தாமே நீதிமன்றம் சென்று, வராததற்குக் காரணம் கூறி, வாரண்டை ரத்துச் செய்யும்படி 72-ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுப்பதே முறை. தாமே வந்தவரை நீதிபதி நோக்கும் விதம் வேறு. பிடித்து வரப்பட்டவரை நோக்கும் விதம் வேறு.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர் கலங்க வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர், உடற்குறை உடையோர், காவலில் இருப்போர், குறைந்த வருமானத்தார் ஆகியோர் இலவச சட்ட உதவிக்கு உரியவர். 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

கைதே நேர்ந்தாலும் உரிமைகள் அற்றுப் போவதில்லை. வாரண்டின் சாராம்சத்தைப் போலீஸார் சொல்ல வேண்டும்; கேட்டால் காட்டவும் வேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். கைதானவர்களின் பெயர் விலாசத்தை வைத்திருக்க ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஓர் அதிகாரி உண்டு. வீட்டார் அவரைக் கேட்கலாம்.

போலி வாரண்டு

இவ்வறிவு இன்னொரு விதத்திலும் நம்மைக் காக்கும். அண்மைக் காலத்தில் மோசக்காரர்கள் போலீஸ் உடையில் செல்போன் திரையில் தோன்றி, முத்திரையிட்ட போலி வாரண்டைக் காட்டி, “உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். படித்தவர்களும் ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும் இதில் ஏமாறியிருக்கிறார்கள். அவ்விதக் கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. வாரண்டை ரத்துச் செய்ய எந்த நீதிமன்றமும் தொலைபேசியில் பணம் கேட்பதில்லை. வழக்கு எண்ணைக் கேட்டு இணையதளத்தில் பாருங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. கல்யாண விசாரணைக்கும் ஊர் வம்புக்கும் இந்த ஏடுகளைப் புரட்டும் பழக்கம் பரவி வருகிறது. ஒரே பெயருடையோர் பலர் உண்டு. தகப்பனார் பெயரும் விலாசமும் ஒத்திராமல் ஒருவரைக் குறித்து முடிவு செய்வது பாவம். அன்றியும், வாரண்டு என்பது நீதிமன்றத்துக்கு வா என்ற கட்டளையேயன்றிக் குற்றத் தீர்ப்பு ஆகாது.

அந்நியர் காலத்தில் கோர்ட்டுக் கட்டு ஜனங்களுக்குத் தூரத்துப் பொருளாயிருந்தது. இன்று கோர்ட்டும் நம்முடையது, கட்டும் நம்முடையது. வீட்டு வரி ரசீதையும் ரேஷன் கார்டையும் பத்திரமாய் வைப்பது போல், தம் பெயரிலுள்ள வழக்கின் எண்ணையும் வாய்தாவையும் ஒவ்வொரு குடும்பத்தாரும் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து.