பனித்தளத்தில் ஒரு டேங்கோ

பனிச்சறுக்கு என்றதும் நம்மில் பலருக்கு, நீண்ட கட்டைகளைக் காலில் பூட்டிக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கி வரும் விளையாட்டே நினைவுக்கு வரும். பனி நடனம் அதுவன்று. உறையவைத்த சமதளத்தின்மீது, காலணியின் அடியில் பொருத்திய மெல்லிய எஃகுத் தகட்டில் நின்று, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இசைக்கேற்ப ஆடுவது அது. தகட்டின் அடிப்புறத்தில் நீளவாட்டில் ஒரு சிறு பள்ளம் ஓடுகிறது. அதனால் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு உண்டாகின்றன. எந்த விளிம்பின்மேல் உடல் சாய்கிறதோ அந்தப் பக்கமாகப் பாதை வளையும். ஆட்டத்தின் இலக்கணமே இந்தச் சாய்வில்தான் இருக்கிறது. இதன் உடன்பிறப்பான இணைச் சறுக்கில் பெண்ணைத் தலைக்குமேல் தூக்கலாம், வீசியும் எறியலாம். நடனத்தில் அவற்றுக்கு இடமில்லை. கைதட்டல் வாங்கும் வித்தைகளை விலக்கிவிட்டால் எஞ்சுபவை காலடி, தாளம், பாவம் ஆகியவையே.

1952 முதல் 1960 வரை இதன் உலகப் பட்டம் பிரிட்டன் நாட்டவரிடமே இருந்தது. மாளிகைக் கூடத்து ஆட்டத்தைப் பனிமேல் பிசகின்றி ஆடிக் காட்டுவதே அவர்களுடைய மரபு. அந்த மரபை மாற்றியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், 1946 டிசம்பர் 31-இல் மாஸ்கோவில் பிறந்த லுத்மீலா பகோமோவா.

அவர் முதலில் விக்தர் ரீஷ்கின் என்பவருடன் ஆடிச் சோவியத் நாட்டின் பட்டம் பெற்றார். 1966-இல் அந்த இணை பிரிந்தது. அடுத்து அவர் தேர்ந்தெடுத்த துணை, பெரிய பட்டம் எதுவும் பெற்றிராத அலெக்சாந்தர் கர்ஷ்கோவ். பட்டம் பெற்றவர் பெயரறியாத ஒருவருடன் மீண்டும் அடியிலிருந்து தொடங்குவதா என்று பலர் வியந்தனர். பயிற்சியாளர் எலேனா சைக்கோவ்ஸ்கயாவும் அப்போது முப்பது வயதைத் தொடாதவர். ஆனால் 1969-இல் உலகப் போட்டியில் இரண்டாமிடம், 1970-இல் முதலிடம் என்று அந்தத் துணிவு பலித்தது. நாட்டுப்புற இசையும் நாடகப் பாங்கும் பனித்தளத்துக்கு வந்தன. இருவரும் வெறுமனே சேர்ந்து ஆடவில்லை. ஒருவரோடொருவர் ஏதோ பேசிக்கொண்டனர்.

வெற்றி இடையறாது வந்ததென்று சொல்ல முடியாது. 1972-இல் ஐரோப்பியப் பட்டம் மேற்கு ஜெர்மனியின் புக் உடன்பிறப்புகளிடம் போயிற்று. 1975-இல் நேர்ந்ததோ அதைவிடக் கடினம். கர்ஷ்கோவுக்கு நுரையீரலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் உலகப் பட்டம் கைநழுவியது. சறுக்கு வீரனுக்கு மூச்சே முதல். அவர் இனி ஆடுவாரா என்பதே ஐயமாக இருந்த நிலையில், 1976-இல் ஐரோப்பியப் பட்டத்தைத் தக்கவைத்து, உலகப் பட்டத்தையும் அந்த இணை மீட்டது. இடையில் இன்ஸ்புருக் நகரில், ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய போட்டியாக நடந்த பனி நடனத்தில் தங்கமும் பெற்றது. உலகப் பட்டங்கள் ஆறு. ஐரோப்பியப் பட்டங்களும் ஆறு.

எனக்கென்னவோ, இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அக்காலப் போட்டிகளில் கட்டாய நடனம் என்று ஒரு சுற்று உண்டு. எல்லா இணைகளும் ஒரே அடிகளை ஒரே வரிசையில் ஆட வேண்டும். யார் விளிம்பு தூய்மையானது, யார் தாளம் தப்பியது என்பது உடனே தெரிந்துவிடும். பகோமோவா, கர்ஷ்கோவ், சைக்கோவ்ஸ்கயா மூவரும் 1974-இல் அமைத்த 'டேங்கோ ரொமான்டிகா' பின்னர் அந்தக் கட்டாய நடனங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இவர்கள் தமக்கென்று கண்டுபிடித்த அடிகளை, இவர்களைக் கண்ணால் காணாத நாட்டுப் பிள்ளைகளும் பாடமாகப் பயில நேர்ந்தது.

கர்ஷ்கோவை மணந்து ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பகோமோவா, ஆட்டத்திலிருந்து விலகியபின் பயிற்சியளிப்பதில் ஈடுபட்டார். புற்றுநோய் வந்தும் பணியை விடவில்லை. 1986 மே 17-இல், 39 வயதில் மறைந்தார். கர்ஷ்கோவ் 2010 முதல் ரஷ்யச் சறுக்குக் கூட்டமைப்பின் தலைவராயிருந்து 2022-இல் காலமானார்.

2010-இல் வான்கூவர் ஒலிம்பிக்கில் கட்டாய நடனமாக அமைந்தது அதே டேங்கோதான். கனடா, அமெரிக்கா, ரஷ்யா என்று எல்லா இணைகளும் அன்று பகோமோவாவின் அடிகளை ஆடின. கட்டாய நடனம் ஒரு தனிச் சுற்றாக ஒலிம்பிக்கில் நடந்தது அதுவே கடைசி முறை.