அடிக்கும் பிஞ்சுக் கைகள்



"சுவாமி, முன்பள்ளியில் என் பிள்ளையை ஒருவரும் விளையாட்டிற் சேர்ப்பதில்லை; தள்ளி விழுத்துகிறார்கள்" எனக் கண்கலங்கும் தாய்மார் பலர். அவ்வேளையில் நம் உள்ளம் மற்றப் பிள்ளைகளையே குற்றஞ்சாட்டும். அது இயல்பே. ஆயினும் அப்பிள்ளையின் மழலைப் பருவத்தையும் சற்றுத் திரும்பிப் பார்க்குமாறு ஓர் ஆய்வு நம்மை அழைக்கின்றது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997, 1998 ஆம் ஆண்டுகளில் பிறந்த 1970 குழந்தைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். அதன் முடிவு 2008 இல் வெளியாயிற்று. 17 மாத வயதிலேயே அதிகம் அடித்து, கடித்து, உதைத்து வந்த குழந்தைகள், பிற்காலத்தில் சகபாடிகளால் தொடர்ந்து துன்புறுத்தப்படும் ஆபத்துக்குக் கூடுதலாக உள்ளாகியிருந்தனர். பெற்றோரின் கோபமும் கடுமையும், குடும்ப வருமானப் பற்றாக்குறையும் அவ்வாபத்தை மேலும் கூட்டின.

அடிக்கும் பிள்ளை அடிபடும் பிள்ளையாவது எங்ஙனம்? அடிக்கும் பிள்ளையை ஏனையோர் அஞ்சி விலகுவர். நட்பு இல்லாத பிள்ளைக்குத் துணைநிற்க எவருமிலர். எனினும், துன்புறும் பிள்ளை எல்லாம் முன்பு அடித்த பிள்ளை என்றோ, துன்புறுத்துவோர் குற்றமற்றவர் என்றோ எண்ணிவிடலாகாது.

மழலையின் அடி பாவமன்று. சொல் வராத வயதில் கையே பேசுகின்றது. இரண்டு முதல் நான்கு வயது வரை மிகுந்து காணப்படும் இக்குணத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் படிப்படியாக அடக்கப் பழகிக்கொள்கின்றனர். அதைப் பழக்கும் முதற்பள்ளி வீடே.

"அடிக்காதே" என்று சொல்லிக்கொண்டே நாம் அடித்தால், பிள்ளை கற்பது நம் சொல்லையா, கையையா? பெற்றோர் மூட்டும் எரிச்சல் பிள்ளைகளை மனந்தளரச் செய்யும் எனப் புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் (3:21) எச்சரிப்பது இதனாலன்றோ?

ஓங்கிய பிஞ்சுக் கையை மென்மையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "நோகும்" என்று ஒரே சொல்லிற் சொல்லுங்கள். பறிப்பதற்குப் பதிலாகக் கேட்கவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் நாள்தோறும் பழக்குங்கள். பழகியபோது மனமாரப் பாராட்டுங்கள். வறுமையால் பொறுமையிழக்கும் அயல் வீட்டுத் தாய்க்கு ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக் கொடுப்பதும் அறப்பணியே.

இன்றிரவு உங்கள் பிள்ளை உறங்கும்போது அதன் கைகளைப் பாருங்கள். பின்னர் உங்கள் கைகளையும் பாருங்கள். எவற்றிலிருந்து எவை கற்கின்றன?