சின்ன ரிவால்வர்: எடை குறைந்தால் உதை கூடும்

அமெரிக்காவில் தற்காப்புக்காக உடம்போடு மறைத்துச் சுமக்கும் கைத்துப்பாக்கிகளில், இரண்டு அங்குலக் குழலும் ஐந்தாறு தோட்டாவும் கொண்ட குட்டை ரிவால்வர் ஏறக்குறைய நூறாண்டுகளாக நிலைத்திருக்கிறது. பார்க்க எளிமையானது; கால்சட்டைப் பைக்குள் அடங்கும்; இயக்கும் முறையை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் கைத்துப்பாக்கிகளில் குறி தவறாமல் சுடுவதற்கு மிகக் கடினமானவற்றில் இதுவும் ஒன்று. நாள் முழுக்கச் சுமக்கத் தோதாக இருக்கும் ஒவ்வொரு அம்சமும், சுட நேரும் அந்தச் சில விநாடிகளில் கைக்கு எதிராக வேலை செய்கிறது. தேர்வில் உள்ள சிக்கல் முழுவதும் இதுதான்.

இந்த வடிவம் சாதாரண உடையில் பணியாற்றிய காவலர்களுக்காகப் பிறந்தது. 1920-களில் கோல்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட், பெரிய ரிவால்வர்களின் குழலை வெட்டிக் குறுக்கி, துணியில் மாட்டும் சுத்தியல் நுனியையும் அறுத்து எடுத்துக் கொடுத்தார். 1927-இல் கோல்ட் நிறுவனமே ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’ என்ற ஆறு தோட்டா ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1950-இல் ஸ்மித் அண்ட் வெசன் இன்னும் சிறிதாக, ஐந்து தோட்டாவோடு ஒன்றைச் செய்து காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் காட்டியது. அங்கேயே அதற்கு ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் வைத்தார்கள். ஜே-ஃப்ரேம் என்று இன்றைக்கும் வழங்கும் வரிசையின் தொடக்கம் அது. 1963 நவம்பர் 24-ஆம் தேதி டல்லஸ் காவல் நிலைய அடித்தளத்தில் அமெரிக்க அதிபர் கொலையில் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டதும் இப்படிப்பட்ட ஒரு குட்டை ரிவால்வரால்தான், கோல்ட் கோப்ரா. காவலர் கோட்டுக்குள் மறைவது கொலையாளியின் கோட்டுக்குள்ளும் மறையும்.

வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது சுத்தியல். சீஃப்ஸ் ஸ்பெஷலில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் அடுத்து விசையை லேசாகத் தொட்டாலே வெடிக்கும். குறி பார்த்துச் சுட இது வசதி. 1950-களில் வந்த ‘பாடிகார்டு’ வகையில் நுனி மட்டும் தெரிய இருபுறமும் மறைப்பு உண்டு. 1952-இல் நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டி வந்த ‘சென்டெனியல்’ வகையில் சுத்தியல் முழுவதும் உள்ளே அடங்கிவிட்டது. பையிலிருந்து எடுக்கும்போது எதுவும் மாட்டாது. ஒவ்வொரு முறையும் விசையை முழு நீளத்துக்கு இழுத்தால்தான் வெடிக்கும். தற்காப்புக்கு இந்த மூன்றாம் வகையே சரியானது. பயத்தில் நடுங்கும் கையில், சுத்தியல் இழுத்து நிறுத்திய துப்பாக்கியைவிட ஆபத்தான பொருள் குறைவு. சுடத் தேவையில்லாமல் போனாலும், அதைத் திரும்ப மெல்ல இறக்கி வைப்பதற்குள் விரல் நழுவ வாய்ப்பிருக்கிறது.

அடுத்தது எடை. பழைய இரும்பு சீஃப்ஸ் ஸ்பெஷல் சுமார் 550 கிராம். அலுமினியச் சட்டம் போட்ட 642 என்ற மாடல் ஏறக்குறைய 410 கிராம். 2009-இல் வந்த ருகர் எல்சிஆர், உடலின் ஒரு பகுதியைப் பாலிமரில் செய்து 380 கிராமுக்கு இறங்கியது. ஸ்காண்டியம் கலந்த அலுமினியச் சட்டமும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட ஸ்மித் அண்ட் வெசன் 340 பிடி மாடல் 350 கிராமுக்கும் குறைவு. கடைக் கண்ணாடி மேஜையில் இவற்றை வரிசையாகக் கையில் எடுத்துப் பார்ப்பவர் கடைசியாகச் சொன்னதைத்தான் விரும்புவார். சுட்டுப் பார்த்தவர் பெரும்பாலும் விரும்ப மாட்டார். குண்டு முன்னே பாயும்போது அதே அளவு உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு வேகமாகப் பின்வாங்கி உள்ளங்கையை அறைகிறது. நாலைந்து முறை சுட்டதும் கட்டைவிரல் மூட்டு வலிக்கும். வலிக்கும் துப்பாக்கியை வைத்து யாரும் பழக மாட்டார்கள். பழகாதவர் கையில் அது இருந்தும் பயனில்லை.

தோட்டாவின் தேர்வையும் எடையிலிருந்து பிரிக்க முடியாது. குட்டை ரிவால்வரின் இயல்பான தோட்டா .38 ஸ்பெஷல். 1930-களில் வந்த .357 மேக்னம் அதே குறுக்களவு குண்டையே கூடுதல் அழுத்தத்தில், சற்று நீண்ட தோட்டாவில் செலுத்துகிறது. அதனால் மேக்னம் துப்பாக்கியில் .38 போட்டுச் சுடலாம்; .38 துப்பாக்கியில் மேக்னம் நுழையாது. இரண்டு அங்குலக் குழலில் மேக்னத்தின் வெடிமருந்து முழுவதும் எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. எஞ்சியது கண்ணைக் கூச வைக்கும் சுடராகவும் காதைத் துளைக்கும் ஓசையாகவும் முன்னால் வெடிக்கிறது. வேக ஆதாயமோ எதிர்பார்த்த அளவு கிடைப்பதில்லை. மிக இலேசான துப்பாக்கியில் இன்னொரு கேடும் உண்டு. ஒரு தோட்டா வெடிக்கும் உதையில், பக்கத்து அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் தம் இறுக்கத்திலிருந்து முன்னே நழுவி, சிலிண்டரைச் சுழலவிடாமல் பூட்டிவிடலாம். 340 பிடியின் குழலில் 120 கிரெய்னுக்கு, அதாவது ஏறத்தாழ 7.8 கிராமுக்குக் குறைந்த குண்டைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கை பொறித்திருப்பது வேறொரு காரணத்தால்: இலேசான குண்டுள்ள மேக்னம் தோட்டாக்கள் டைட்டானியம் சிலிண்டரை விரைவில் அரித்துவிடலாம். இலேசான துப்பாக்கியில் மேக்னம் தேவையில்லை. மேக்னம் வேண்டுமென்றே தீர்மானித்தவருக்கு 700 கிராமைத் தாண்டும் ருகர் எஸ்பி101 போன்ற முழு இரும்பு ரிவால்வர் பொருந்தும். ஆனால் அது பைக்குள் போகும் பொருளல்ல, இடுப்பு உறையில் இருக்க வேண்டியது.

.38 ஸ்பெஷலிலும் வகை பார்க்க வேண்டும். முனையில் குழி வைத்த குண்டுகள் உடலில் விரிவதற்கு வேகம் வேண்டும். குட்டைக் குழலில் அந்த வேகம் பலவற்றுக்குக் கிடைப்பதில்லை. அதனால் சில நிறுவனங்கள் குட்டைக் குழலுக்கென்றே தனியாகத் தோட்டா செய்கின்றன. காகித இலக்குக்காக உருவான, முனை தட்டையான ‘வாட்கட்டர்’ தோட்டாவையே தற்காப்புக்கும் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. உதை குறைவு, துளைக்கும் ஆழம் போதுமானது. உதையே தாங்காத கைகளுக்கு .32 வகையும் .22 வகையும் இருக்கின்றன. .22 எல்சிஆரில் எட்டுத் தோட்டா பிடிக்கும். ஆனால் .22 தோட்டாவின் விளிம்பை நசுக்கிப் பற்றவைக்கச் சுத்தியல் ஓங்கி அடிக்க வேண்டியிருப்பதால் அதன் விசை இலேசாக இருப்பதில்லை; தோட்டா பற்றாமல் போவதும் அந்த வகையில் அதிகம்.

விசை தனியாகக் கவனிக்க வேண்டியது. ஜே-ஃப்ரேமின் விசையை முழுவதும் இழுக்கச் சாதாரணமாக ஐந்து கிலோவுக்கு மேல் அழுத்தம் தேவை. அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளை, ஐந்து கிலோ அழுத்தி இழுக்கும்போது அது அசையாமல் நிற்க வேண்டும். குட்டை ரிவால்வர் குறி தவறுவதன் முதல் காரணம் இதுதான். குழலின் நீளம் அல்ல. குட்டைக் குழலாலும் குண்டு நேராகவே போகும். குறிபார்க்க உதவும் முன்முனைக்கும் பின்பள்ளத்துக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் சுடுபவரின் சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. ஆகவே வாங்குபவர், கடைக்காரர் அனுமதியோடு காலித் துப்பாக்கியின் விசையைப் பத்து முறை தொடர்ந்து இழுத்துப் பார்க்க வேண்டும். பத்தாவது முறை முன்முனை ஆடினால் அந்தக் கைக்கு அந்த விசை கனம். மூட்டுவாதம் உள்ள முதியவர்களுக்கு ரிவால்வரே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். தானியங்கிப் பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்க முடியாதவர்களுக்கு அது பாதி உண்மை. விரலில் வலுவில்லாதவருக்கு ரிவால்வரின் விசையும் அதே அளவு தடைதான்.

கைப்பிடி மிகச் சிறியதாக இருந்தால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும். ரப்பர் கைப்பிடி உதையைத் தணிக்கும், ஆனால் பையின் துணியைப் பற்றிக்கொண்டு வெளியே வர மறுக்கும். பிடிக்கும் முறையில் ஒன்றை மறக்கக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் சூடான வாயு பீறிடும். பிஸ்டலைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலை முன்னே நீட்டினால் காயம் படும்.

ரிவால்வர் ஒருபோதும் பழுதாகாது என்பது பரவலான நம்பிக்கை. தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தாலே அடுத்த தோட்டா வந்து நிற்கும் என்பது மெய்யான வலிமை. சுத்தியல் உள்ளடங்கியதானால் கோட்டுப் பைக்குள்ளிருந்தே அடுத்தடுத்துச் சுட முடியும், எதிராளி உடம்போடு ஒட்டி மல்லுக்கட்டும் நிலையிலும் வேலை செய்யும். பிஸ்டலில் இரண்டும் உறுதியில்லை. ஆனால் காலித் தோட்டாக்களைத் தள்ளும் சிலிண்டரின் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் சில சேர்ந்தாலே சிலிண்டர் இறுகிவிடும். கால்சட்டைப் பையில் மாதக்கணக்கில் கிடக்கும் ரிவால்வரில் பஞ்சும் தூசியும் படியும். குழல் குட்டை என்பதால் காலித் தோட்டாக்களைத் தள்ளும் கம்பியும் குட்டை. அவை பாதி வெளியே வந்து நின்றுவிடும். சண்டைக்கு நடுவே மறுபடி தோட்டா போடுவது பயிற்சி பெற்றவருக்கே கடினம். 2018-இல் சிக் சாவர் பி365 என்ற பிஸ்டல், ஏறத்தாழ அரைக் கிலோ எடையில் பத்துத் தோட்டாவோடு வந்தபோது ஐந்து தோட்டா ரிவால்வரின் நியாயம் வெகுவாகச் சுருங்கிப்போனது. இன்றைக்கும் ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவர் அந்தக் குறையைத் தெரிந்தே ஏற்க வேண்டும்.

சுமப்பதற்கு உறை கட்டாயம். பைக்குள் வைத்தாலும் விசையை முழுவதும் மூடும் உறைக்குள் வைக்க வேண்டும். அந்தப் பையில் சாவி, சில்லறை, பேனா எதுவும் இருக்கக் கூடாது. கணுக்காலில் கட்டினால் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டும், நிற்பவருக்கு எட்டாது. கைப்பையில் வைப்பது எல்லாவற்றிலும் மோசம்: பறிபோவதும் அதுதான், குழந்தைகள் கை விடுவதும் அதில்தான்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2008-இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-இல் புரூயன் வழக்கு அதை வீதிக்கும் விரித்து, சிறப்புக் காரணம் கேட்டு அனுமதியை மறுத்துவந்த நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய விதியை நீக்கியது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்துச் சுமக்க அனுமதிச் சீட்டே வேண்டாம். ஆயினும் ஒரு மாநிலச் சீட்டு பக்கத்து மாநிலத்தில் செல்லாமல் போகலாம். உயிருக்கோ உடலுக்கோ உடனடிப் பேராபத்து என்று நியாயமாக நம்பும் நிலையில்தான் பொதுவாகச் சுடலாம். பணப்பையைப் பறித்து ஓடுபவனின் முதுகில் சுட்டவர் கொலை வழக்கைச் சந்திக்க நேரலாம். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த ரிவால்வரும் வைத்திருக்க முடியாது. பெண்களை மனத்தில் வைத்துக் கான்பூர் அரசு ஆலை 2014-இல் கொண்டுவந்த, அரைக் கிலோ எடையுள்ள .32 ‘நிர்பீக்’ ரிவால்வருக்கும் இதே விதிதான்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். மனச்சோர்வில் இருப்பவரோ, கைக்கு எட்டியதை எடுத்துப் பார்க்கும் பிள்ளைகளோ உள்ள வீட்டில், திருடனைவிட மேஜை இழுப்பறைத் துப்பாக்கியே முதலில் அஞ்ச வேண்டியது. உடம்பில் இல்லாத நேரமெல்லாம் அது விரைவில் திறக்கும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். அது இயலாதவர் வாங்காமலிருப்பதே மேல்.

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடைக்காரர் 21 வயது நிறைந்தவருக்கே கைத்துப்பாக்கி விற்கலாம். வாங்குபவரின் பின்னணி 1998 முதல் எஃப்பிஐ நடத்தும் கணினி வழிச் சோதனையில் சரிபார்க்கப்படும். அதற்கு முன்பே, வாடகைக்குத் துப்பாக்கி தரும் பயிற்சிக் கூடத்தில் இரண்டு மூன்று எடைகளில் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்ப்பது பணத்தையும் ஏமாற்றத்தையும் மிச்சப்படுத்தும். பழைய ரிவால்வர் வாங்குபவர், சிலிண்டரைத் திறந்து அறைகள் ஐந்தும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, மூடி, பாதுகாப்பான திசையில் பிடித்து, விசையை மெல்ல முழுவதும் இழுத்துப் பிடித்தபடியே சிலிண்டரை அசைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் அது ஆட்டமில்லாமல் குழலுக்கு நேராக நிற்க வேண்டும். ஓர் அறையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்கக் கூடாது.