காதிரைச்சலும் மலையோரப் பாதுகாப்பும்

காதிரைச்சல் என்பது வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோதும் காதுக்குள் அல்லது தலைக்குள் ஒலி கேட்பதாகும். சிலருக்கு அது ரீங்காரமாகவும், சிலருக்கு விசில், சீறல், வண்டின் ஒலி போலவும் கேட்கும். இது தனி நோயன்று, ஓர் அறிகுறியே.

ஒலி எவ்வாறு தோன்றுகிறது?

உட்செவியின் நத்தை எலும்பில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. இவை ஒலி அதிர்வை நரம்புக் குறிப்பாக மாற்றுகின்றன. பேரொலியாலோ முதுமையாலோ இவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. குறைந்துபோன குறிப்புகளை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்வதால் இல்லாத ஒலி கேட்கிறது எனக் கருதப்படுகிறது. காதுக்குறும்பி அடைப்பு, நடுச்செவித் தொற்று, ஜென்டாமைசின், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் ஆகியனவும் காரணமாகலாம்.

போடிமெட்டுப் பாதையில்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறது. மேலே காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழல் திறந்து அழுத்தத்தைச் சமப்படுத்தும் வரை காது அடைத்துக்கொள்ளும், சில வேளை இரையும். ஏறுவதைவிட இறங்கும்போதே இந்தக் குழல் திறப்பது கடினம். எச்சில் விழுங்குதல், கொட்டாவி விடுதல், மிட்டாய் சப்புதல் ஆகியவை உதவும். கைக்குழந்தைக்கு இறங்கும் நேரத்தில் பால் கொடுக்கலாம். சளி பிடித்திருப்பவர்களுக்கு அடைப்பு நீண்ட நேரம் நிற்கக்கூடும்.

இந்த அடைப்பு பெரும்பாலும் தானே விலகும். ஆனால் ஏலத்தோட்டங்களில் பயன்படும் விசைத்தெளிப்பான், களைவெட்டும் இயந்திரம் ஆகியவற்றின் இரைச்சல் அப்படியன்று. பெட்ரோலில் இயங்கும் களைவெட்டி 90 டெசிபலைத் தாண்டக்கூடும். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பரிந்துரைக்கப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 94 டெசிபலில் 1 மணி நேரமே பாதுகாப்பானது. வேலை முடிந்து மலையிறங்குபவர் காதில் கேட்கும் இரைச்சலை "மலையிறங்கினதால வந்தது" என்று விட்டுவிடுவது எளிது. காது அடைப்பு விலகிய பிறகும் இரைச்சல் நீடித்தாலோ, வேலை நாட்களில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தாலோ அது உட்செவி விடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

தடுப்பு முறைகள்

- இயந்திர வேலையில் காதடைப்பான் அல்லது காதுமூடி அணிய வேண்டும். பஞ்சு போதிய பாதுகாப்புத் தராது.
- ஒருவரே நாள் முழுதும் இயக்காமல் முறைவைத்து மாறிக்கொள்ளலாம்.
- திருவிழாக்களில் ஒலிபெருக்கி, வெடி ஆகியவற்றிலிருந்து விலகி நிற்க வேண்டும்.
- காதணிபேசியில் ஒலியைக் குறைத்துக் கேட்க வேண்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் கூறும் எல்லை.
- ஊக்கு, தீக்குச்சி கொண்டு காதைக் குடையக் கூடாது. காய்ச்சிய எண்ணெய் ஊற்றவும் கூடாது.

சமாளித்தல்

நீண்டகாலக் காதிரைச்சலை முற்றிலும் நீக்கும் மாத்திரை இதுவரை இல்லை. எனினும் "ஒன்றும் செய்ய முடியாது" என்பது சரியன்று. கேட்புத்திறன் குறைந்தவர்களுக்குக் காதொலிக் கருவி பொருத்தினால் இரைச்சல் பலருக்கு மங்குகிறது. அறிவுசார் நடத்தைச் சிகிச்சை ஒலியை நீக்காவிட்டாலும் அது தரும் மனவேதனையைக் குறைக்கும். மலைக் குடியிருப்புகளின் இரவு அமைதியில் இரைச்சல் உரத்துக் கேட்கும். அப்போது மின்விசிறியின் ஓசையோ தாழ்ந்த ஒலியில் வானொலியோ துணைபுரியும்.

உடனே மருத்துவரை நாட வேண்டியவை

ஒரு காதில் திடீரெனக் கேட்புத்திறன் குறைவது அவசர நிலை. காது அடைப்பு என்றெண்ணி நாட்களைக் கடத்தக் கூடாது. முதல் 2 வாரங்களுக்குள் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால்தான் கேட்புத்திறன் மீளும் வாய்ப்பு அதிகம். ஒரே காதில் நீடிக்கும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்கும் ஒலி, தலைச்சுற்றல், முகத் தசை தளர்ச்சி ஆகியவற்றுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும். இப்பகுதியினர் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். இழந்த மயிர்ச்செல்களை மீட்க முடியாது என்பதால், எஞ்சியிருப்பவற்றைக் காப்பதே முதன்மையானது.