குட்டிச் செயற்கைக்கோளுக்குத் தனி ராக்கெட் எதற்கு?

பெரிய ராக்கெட்டில் ஒரு மூலையில் இடம் கிடைக்குமே, பிறகு ஏன் தனி ராக்கெட் என்கிறீர்களா?

பெரிய ராக்கெட், கல்யாண வீட்டார் பிடித்த பேருந்து மாதிரி. ஒட்டிக்கொண்டு ஏறியவர் அவர்கள் இறங்கும் இடத்தில்தான் இறங்க வேண்டும். சின்ன ராக்கெட்டோ ஆட்டோ. கேட்ட சுற்றுப்பாதையிலேயே இறக்கிவிடும்.

சரி, இந்தச் சின்ன ராக்கெட்டைச் சீக்கிரமாகச் செய்வது எப்படி?

சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், எஞ்சினையே முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்குகிறது. லேசர் கதிர் உலோகத் தூளை உருக்கி, அடுக்கடுக்காக எழுப்பும். எரிபொருள் ஓடும் வழிகளும் உள்ளேயே அமைந்துவிடும். பல பாகங்களைப் பற்றவைத்துப் பொருத்தும் வேலை மிச்சம்!

2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இத்தகைய எஞ்சினுடன் அந்நிறுவனத்தின் சோதனை ராக்கெட் பாய்ந்தது. அந்தப் பயணம் சுற்றுப்பாதைக்கு அல்ல, அதற்கான முன்னோட்டம்.