எவர்சில்வர் துருப்பிடித்தால் யார் பொறுப்பு?

உப்பு போட்டு வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது, அடியில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள். கடையில் கேட்டால், "துடைச்சு வைக்கலையாம்மா?" என்று நம்மீதே பழி. பாதி உண்மைதான். மீதிப் பாதியை நாம் கேட்டு வாங்க வேண்டும்.

எவர்சில்வர் என்பது இரும்போடு குரோமியம் கலந்த உலோகக் கலவை. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் குரோமியம் அதோடு சேர்ந்து மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிகிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். பாத்திரத்துக்கு அதுவே தோல். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். இதற்குக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும்.

இந்தத் தோலைத் துளைப்பது உப்பிலுள்ள குளோரைடு. ஈர உப்பு ஓரிடத்தில் தங்கினால் அங்கே குழி விழும். அதனால் தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கலக்குங்கள். உப்புக்கும் ஊறுகாய்க்கும் ஜாடியே நல்லது. இரும்பு நாரால் தேய்க்காதீர்கள். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருவேறும். அடுப்புச் சூட்டில் வரும் நீல, மஞ்சள் நிறம் படலம் தடித்ததன் அடையாளம். பயம் வேண்டாம், எலுமிச்சைச் சாறு தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

இனி கடைக்காரரின் பாதி. 304 என்ற தரத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. விலை குறைந்த 200 வரிசையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். குரோமியமும் பெரும்பாலும் குறைவு. அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் இரண்டிலுமே காந்தம் பொதுவாக ஒட்டாது. ஆகவே, "காந்தம் ஒட்டலை பாருங்க" என்பது தரத்துக்குச் சான்றாகாது.

தர எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதிலுள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபாருங்கள்.

ஏமாற்றப்பட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

அங்கே உங்களுக்காகப் பேசப்போகும் சாட்சி அந்தப் பில்தான். அதை வாங்காமல் கடைப்படி இறங்காதீர்கள்.